பத்து நாள் மௌனமா, எட்டு வாரமா, மூவர் வட்டமா: கணக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு எது?

ஜூன் மாதம் எங்கள் கணக்குப்பதிவு வகுப்பில் அடுத்த பேட்ச் சேர்கிறது. யாங்கூனில், அனோரதா சாலைக் காளி கோவிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், சனி ஞாயிறு மட்டும் நடக்கும் சின்ன வகுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள். கடைகளிலும் இறக்குமதி ஆபீஸ்களிலும் வேலை பார்த்துக்கொண்டே எல்.சி.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் சான்றிதழ்ப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். பாடம் நன்றாகவே ஏறுகிறது. ஆனால் வகுப்பில் மளமளவென்று கணக்குப் போடும் பிள்ளை, வேலையிடத்தில் முதலாளி பக்கத்தில் வந்து நின்றதும் திணறிப்போகிறது. இதற்கு என்ன செய்வதென்று எங்களுக்குள் மூன்று மாதமாகப் பேச்சு.

பேச்சு இப்போது மூன்று யோசனைகளில் வந்து நிற்கிறது. எங்கள் கமிட்டிப் பெரியவர், பேட்ச் முழுவதையும் மௌனமாக உட்கார்ந்து மூச்சையும் உடம்பையும் கவனிக்கும் பௌத்தத் தியானமான விபாசனாவின் பத்து நாள் முகாமுக்கு அனுப்பலாம் என்கிறார். சிங்கப்பூரில் சில வருடம் இருந்துவிட்டு வந்து எங்களோடு பாடம் நடத்தும் தம்பி, மைண்ட்ஃபுல்னெஸ் என்ற எட்டு வார விழிப்புணர்வுப் பயிற்சியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம் என்கிறார். மூன்றாவது என்னுடையது: வகுப்புக்குள்ளேயே மூன்று மூன்று பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கோச்சிங் செய்வது, அதோடு உடம்பைக் கவனிக்கும் சின்னப் பழக்கம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது. நான் ஒரு பக்கம் நிற்கிறவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பக்கத்துக்கு நான் எப்படி வந்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

போன வருடம் மார்ச் கடைசி. வருடக் கணக்கு முடிக்கும் நேரம். எங்கள் மாணவி ஒருத்தி, தான் வேலை பார்க்கும் கடையின் ட்ரயல் பேலன்ஸை, அதாவது பற்றும் வரவும் சமமாக வருகிறதா என்று பார்க்கும் பட்டியலை, வகுப்புக்கே எடுத்து வந்துவிட்டாள். பற்றுக்கும் வரவுக்கும் 27,000 வித்தியாசம். மூன்று நாளாகக் கூட்டிக்கொண்டே இருக்கிறாளாம். என் முன்னாலும் கூட்டிக்கொண்டுதான் இருந்தாள். கால்குலேட்டரில் விரல் குத்துகிற மாதிரி விழுகிறது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கிறது. மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. என்னம்மா என்று கேட்டால், “வயித்தக் கலக்குது டீச்சர்” என்றாள்.

நான் கணக்கைப் பார்க்கவில்லை. “பேனாவைக் கீழே வை. செருப்பைக் கழற்றிட்டு ரெண்டு காலையும் நல்லா ஊன்று. தரை சில்லுனு இருக்கா, சூடா இருக்கா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சில்லுனுதான் இருக்கு” என்றாள். விடும் மூச்சைக் கொஞ்சம் நீளமாக விடச் சொன்னேன். ஐந்தாறு மூச்சில் தோள் தானாக இறங்கியது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: “வித்தியாசம் எவ்வளவு? அந்த எண்ணைப் பார்த்தா என்ன தோணுது?” தாளைப் பார்த்தாள். “ஒன்பதால வகுபடுது” என்றாள். கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும், வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டாள். பேரேட்டில் 63,000 என்று இருந்தது, ட்ரயல் பேலன்ஸுக்கு வரும்போது 36,000 ஆகியிருந்தது.

இந்த விதியை நான் ஆறு மாதத்துக்கு முன்பே நடத்தியிருந்தேன். அவள் நோட்டில் அது சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு இருந்தது. தெரிந்த விஷயம்தான், தேவைப்பட்ட நேரத்தில் கைக்கு வரவில்லை. அதனால் மூன்று யோசனைகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். முதலாளி பக்கத்தில் நிற்கிறார், கணக்கு இடிக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. அந்த நிமிடத்தில் எது பிள்ளைக்குக் கைகொடுக்கும்?

உடம்பைக் கவனிப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நம் பேச்சைக் கேட்டுப் பார்த்தாலே போதும். பயம் வந்தால் அடிவயிறு கலங்குகிறது, கவலை வந்தால் நெஞ்சு கனக்கிறது, பொறாமையில் வயிறு எரிகிறது, நிம்மதி வந்தால் மூச்சு விடுகிறோம். எந்த உணர்ச்சி உடம்பில் எங்கே நிற்கிறது என்று தமிழ் பேசுகிற பிள்ளைக்கு வாய் ஏற்கெனவே பழகியிருக்கிறது. பயிற்சி அங்கிருந்தே தொடங்கலாம்.

சரி, பெரியவரின் யோசனைக்கு வருகிறேன். பர்மாவில் உட்கார்ந்துகொண்டு அதை லேசாக ஒதுக்க முடியாது. லெடி சயாடோ (1846–1923) என்ற பௌத்தத் துறவி, இல்லறத்தில் இருப்பவர்களுக்கும் விபாசனா உண்டு என்று இந்த நாட்டில் ஊர் ஊராகச் சொன்னவர். அந்த வழியில் வந்த சயாஜி ஊ பா கின் (1899–1971) துறவி அல்லர், குடும்பஸ்தர், அதுவும் கணக்காளர். அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1937இல் தியானம் தொடங்கி, 1948 ஜனவரியில் நாடு விடுதலை பெற்றபோது அதே துறைக்கு முதல் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆனவர். தன் ஆபீஸ் ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தார். 1952இல் ரங்கூனில் சர்வதேசத் தியான நிலையத்தைத் தொடங்கினார். மண்டலேயில் பிறந்த வியாபாரி கோயங்கா, விடாத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் அவரிடம் போய்ச் சேர்ந்ததும், 1969இல் இந்தியாவுக்குப் போய் இந்த முறையைப் பரப்பியதும் பலருக்குத் தெரிந்த கதை. “கணக்கு எழுதுறவனுக்கு இதைவிட என்னம்மா சாட்சி வேணும்?” என்று பெரியவர் கேட்கிறார்.

நானும் அப்படி ஒரு முகாமில் பத்து நாள் இருந்திருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார வேண்டும். பேச்சு இல்லை, போன் இல்லை, பேனா பேப்பர்கூட இல்லை. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு. நாலாம் நாளிலிருந்து உச்சந்தலை தொடங்கி உள்ளங்கால் வரை உடம்பை வரிசையாகக் கவனிப்பது, ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவது. முதல் தடவை அந்த ஒரு மணி நேரத்தில் என் வலது முட்டி நெருப்பாக எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. எழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தபோது, ஒரே கட்டியாகத் தோன்றிய வலி துடித்தது, இடம் மாறியது, குறைந்தது, மறுபடி வந்தது. என் மாணவியின் தோளையும் மூச்சையும் பார்க்கும் கண் எனக்கு வந்தது அங்கேதான். அந்தப் பத்து நாளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனாலும் பேட்ச் முழுவதையும் அங்கே அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். காரணம் எங்கள் தவறு ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன், நாங்களே ஆசை காட்டி இரண்டு பிள்ளைகளை ஒரு முகாமுக்கு அனுப்பினோம். ஒருத்தி சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். இன்னொரு பையனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா இறந்து வருடம்கூடத் திரும்பவில்லை. மூன்றாம் நாள் இரவு தூக்கமே இல்லாமல் அழுது, மறுநாள் காலை வீட்டுக்கு வந்துவிட்டான். முகாமில் அவனை நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். விண்ணப்பப் படிவத்தில் மன நிலை பற்றிய கேள்விகளும் இருந்தன. “எழுத வேண்டாம், எடுத்துக்க மாட்டாங்க” என்று அவனிடம் சொன்னது எங்கள் ஆள்தான். பாதியில் வந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் வகுப்புக்கும் அவன் வருவதை நிறுத்திவிட்டான். இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா டீ போட்டுக் கொடுத்தார், அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

நீண்ட, தீவிரமான தியானத்தில் சிலருக்குக் கலக்கமும் தூக்கமின்மையும் பழைய துக்கமும் கிளம்பும் என்பதை அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் வில்லபி பிரிட்டன் குழுவினர் முறையாக ஆராய்ந்து 2017இல் வெளியிட்டிருக்கிறார்கள். தானாகத் தேடிப் போகிறவர் இதையெல்லாம் யோசித்துப் போவார். வகுப்பு அனுப்புகிறது என்பதற்காகப் போகும் பிள்ளைக்கு மறுக்கும் தைரியம் எங்கே இருக்கும்?

இன்னும் இரண்டு விஷயம். போக வர எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நாள் லீவு வேண்டும். கடையில் வேலை பார்க்கும் பிள்ளைக்குத் திஞ்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறையை விட்டால் அது கிடைக்காது. அடுத்து, அந்தப் பத்து நாளும் தொழுகை, ஜெபம், மந்திரம், விரதம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். எங்கள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கட்டணம் கிடையாது, முடிந்தவர்கள் தானம் கொடுக்கலாம் என்பது அதன் பெரிய பலம். ஆனால் கணக்குப் படிக்க வந்த பிள்ளையிடம் தொழுகையை நிறுத்து என்று கேட்க எங்களுக்கு உரிமை கிடையாது.

ஊ பா கின்னைச் சாட்சிக்குக் கூப்பிடும் பெரியவருக்கு நான் சொன்னது இதுதான்: “ஐயா, அவர் ஆபீஸ் ஆட்களுக்கு ஆபீஸிலேயே இடம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தார். மேஜையிலிருந்து பத்தடியில் தியானம். நாமும் அப்படி மேஜைக்குப் பக்கத்திலேயே வைப்போமே.” அவர் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

எட்டு வாரப் பயிற்சிக்கு வேறொரு கதை உண்டு. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட் ஜின் தொடங்கியது. வாரம் ஒரு நாள் இரண்டரை மணி நேரம், நடுவில் ஒரு முழுநாள் அமர்வு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரப் பழக்கம். படுத்துக்கொண்டு உடம்பைக் கால்விரலிலிருந்து வரிசையாகக் கவனிப்பது, மெதுவான யோகாசனம், உலர்திராட்சை ஒன்றை எடுத்துப் பார்த்து முகர்ந்து மென்று உணர்வது என்று உடம்பை வைத்தே எல்லாம் நடக்கும். உடம்பைக் கவனிக்கும் அந்தப் பகுதிக்கு வேர் ஊ பா கின் மரபில்தான் இருக்கிறது. ரங்கூனிலிருந்து புறப்பட்டது உலகத்தைச் சுற்றி ஆங்கிலம் பேசிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

மதச் சடங்கு எதுவும் இதில் கிடையாது, படிப்படியாகப் போகும், மருத்துவமனைகளில் நிறைய ஆராயப்பட்டது. தம்பி சொல்லும் இந்த மூன்றும் சரிதான். இடிப்பது நடைமுறையில். முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். தமிழில் நடத்தக்கூடிய ஒருவர் யாங்கூனில் எங்களுக்கு அகப்படவில்லை. பர்மியத்தில் பிள்ளைகளுக்குப் புரியும், ஆனால் வயிற்றுக் கலக்கத்தை அவர்கள் தமிழில்தான் சொல்கிறார்கள். அடுத்தது அந்த முக்கால் மணி நேரம். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், கரண்ட் வந்ததும் மோட்டார் போட ஓட வேண்டிய பிள்ளையால் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டிருக்க முடியுமா?

பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுத்த மைண்ட்ஃபுல்னெஸ், பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் மனநலப் பாடங்களைவிட மேலான பலன் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பழகவே இல்லை. அவர்கள் பதினொன்றிலிருந்து பதிமூன்று வயதுவரை உள்ளவர்கள். எங்களவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். பயிற்சியும் அச்சாக அதே அல்ல. இருந்தாலும் வீட்டில் பழகுவார்கள் என்று நம்பி ஒரு பாடத்தைக் கட்டுவதற்கு எனக்குத் துணிவில்லை.

இப்போது மூன்றாவது. கோச்சிங் என்றதும் நம்மவர்களுக்கு டியூஷன்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு. பதிலைச் சொல்லிக்கொடுக்காமல், சரியான கேள்விகளைக் கேட்டு, எதிரில் இருப்பவர் தானே வழி காணும்படி கூட இருப்பது. ஜான் விட்மோர் 1992இல் புத்தகமாக எழுதிப் பரப்பிய முறையில் நாலே கேள்விதான். எங்கள் வகுப்புத் தமிழில் சொன்னால்: எங்கே போகணும்? இப்ப எங்கே நிக்கிறே? என்னென்ன வழி இருக்கு? எதைச் செய்யப் போறே, எப்போ?

தொழில் கற்பதற்கு இதன் பலம் எங்கே என்று 1980களின் தொடக்கத்திலேயே புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்து சொன்னார்கள். விளக்கமும் செய்முறையும் கொடுத்தால் கற்றுக்கொள்கிறார்கள். கற்றது வகுப்பறைக்குள் போய்ச் சேர, வேலையிடத்திலேயே சக ஆசிரியர் துணை நின்று கோச்சிங் செய்ய வேண்டியிருந்தது. அதைப் படித்தபோதுதான் என் மாணவியின் சிவப்பு மைக் கோடு எனக்கு முழுசாக விளங்கியது.

நம் முன்னோர்களுக்கும் இது தெரிந்திருந்தது. ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள் நடந்த இடங்கள், இருந்த காலத்தில் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாக வந்து சேரும் சிறுவனுக்குத் தனி வகுப்பு கிடையாது. பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்காருவான். அடுத்தாள் என்ற உதவிக் கணக்கர் எழுதுவதைப் பார்ப்பான், குறிப்பிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவான், ராத்திரி இருப்பு இடித்தால் சேர்ந்து தேடுவான். உட்காரும் விதம், பணம் எண்ணும் கை, ஆளைப் பார்க்கும் பார்வை எல்லாம் பக்கத்தில் இருந்தே உடம்பில் ஏறின. அதில் அதட்டலும் குட்டும் நிறையவே இருந்திருக்கும். அவற்றை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

மூவர் வட்டத்தை ஆறு ஞாயிறு நடத்திப் பார்த்தோம். ஒருவர் தன் வேலையிடத்துச் சிக்கல் ஒன்றைச் சொல்வார். இன்னொருவர் கேள்வி மட்டும் கேட்பார். மூன்றாமவர் வாயே திறக்காமல், சொல்கிறவரின் உடம்பை மட்டும் பார்ப்பார்: தோள் எப்போது ஏறியது, மூச்சு எங்கே நின்றது, பேனாவை எப்போது இறுக்கினார். எட்டு நிமிடம் முடிந்ததும் பார்த்ததைச் சொல்வார். ஒரு தடவை மூன்றாமவளாக உட்கார்ந்த பெண் சொன்னாள்: “கடன் பாக்கிய பத்திப் பேசும்போது ஒண்ணும் ஆகல. ‘முதலாளிகிட்ட கேக்கணும்’னு சொன்னப்போ மட்டும் அண்ணன் மூச்சு நின்னுடுச்சு.” அந்த அண்ணன் சட்டென்று தலை நிமிர்ந்தார். கணக்கில் அவருக்குச் சிக்கலே இல்லை. பில் இல்லாத செலவு ஒன்றைப் பற்றி முதலாளியிடம் கேட்கப் பயந்து, ஒரு மாதமாக அதைத் தற்காலிகக் கணக்கிலேயே போட்டு வைத்திருந்தார். எப்படிக் கேட்பது என்று அங்கேயே மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை, காலை ஊன்றி நின்றுகொண்டு.

மூன்று பேர் வேண்டும் என்பதற்கு இந்த ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பர்மியர்கள் “ஆனாதே” என்பார்கள். எதிராளிக்குச் சங்கடம் கொடுத்துவிடுவோமோ என்று தயங்கி, வாய்வரை வந்ததை விழுங்கிவிடுவது. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் அது ஊறிப்போயிருக்கிறது. புரியவில்லை என்று ஆசிரியரிடம் சொல்ல ஆனாதே, நீ செய்தது தப்பு என்று நண்பனிடம் சொல்லவும் ஆனாதே. “உன் தோள் ஏறிச்சு” என்று சொல்வதில் அந்தச் சங்கடம் இல்லை. குறை சொல்லாமல் உண்மை வெளியே வந்துவிடுகிறது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. பற்று எது வரவு எது என்றே தெரியாத பிள்ளையிடம் “உனக்கு என்ன தோணுது?” என்று கேட்பது கொடுமை. அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால் முதல் இரண்டு மாதம் வட்டம் வேண்டாம் என்று நினைக்கிறேன். இன்னொன்று, நாங்கள் யாரும் சான்றிதழ் பெற்ற கோச் இல்லை. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் முதல் நிலைச் சான்றிதழுக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் கேட்கிறார்கள். ஆகவே எல்லை கட்டியிருக்கிறோம். வேலை, படிப்பு பற்றி மட்டும் பேச்சு. யாரையும் தொடக்கூடாது. கண்ணை மூட வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் காரணம் கேட்கக்கூடாது. வீட்டுத் துக்கம் மேலே வந்தால் அங்கேயே நிறுத்தி ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் வகுப்பை விட்டுப் போன பிறகு கடைசி விதியை நானே கரும்பலகையில் எழுதிவைத்தேன்.

செலவைப் பார்த்தால் மூவர் வட்டத்துக்குக் கையைவிட்டு ஒன்றும் போகாது. வகுப்பு நேரத்தில் அரை மணி போகும், அவ்வளவுதான். ஆழத்தில் பத்து நாள் முகாமின் பக்கத்தில்கூட இது வராது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் வைத்த கேள்விக்கு இதுதான் நேரே போய்ச் சேர்கிறது. கணக்குத் தாள் முன்னால் இருக்கும்போதே பழகியது, கணக்குத் தாள் முன்னால் இருக்கும்போது ஞாபகம் வருகிறது.

இதையே எல்லாரும் எடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பெரிய வங்கி அல்லது ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பிரிவு இருந்து, பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேலை நேரத்திலேயே ஒதுக்கிய மணிகளும் இருந்தால் எட்டு வாரம் நல்ல தேர்வு. பத்து வருடம் வேலை பார்த்துச் சலித்துப்போன ஒருவர், தானாகவே விரும்பினால், திஞ்ஜானுக்கு முகாமுக்குப் போகட்டும். முக்கியமாகப் பாடம் நடத்துகிறவர் போக வேண்டும். தன் மூச்சைப் பார்க்கத் தெரியாத ஆசிரியர் மாணவரின் மூச்சைப் பார்க்க மாட்டார். எங்கள் மூவரில் ஒருவர் ஒவ்வொரு வருடமும் போய் வருவது என்று பேசியிருக்கிறோம். தம்பியின் எட்டு வாரத்திலிருந்து உடம்பைக் கவனிக்கும் பகுதியைப் பத்து நிமிடமாகச் சுருக்கி, அவரே தமிழில் பேசிப் பதிவு செய்து பிள்ளைகளின் போனில் போட்டுக் கொடுக்கப் போகிறார். கேட்கிறவர் கேட்கட்டும், கட்டாயம் இல்லை.

போன வாரம் கமிட்டியில் இதை வைத்தோம். ஆகஸ்டில் வட்டம் தொடங்கி, அக்டோபரில் பார்ப்பது என்று ஏற்பாடு. மார்க்கை வைத்து அளக்க மாட்டோம். வேலையிடத்தில் கணக்கு இடித்தபோது முதலில் என்ன செய்தாய், தப்பைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று ஒவ்வொருவரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருவார்கள். பெரியவர் முழுவதும் கேட்டுவிட்டு, தன் தாத்தாவும் கிட்டங்கியில் அடுத்தாளாக இருந்தவர்தான் என்றார். அப்புறம் கேட்டார்: “கேள்வி கேக்குறதெல்லாம் எனக்கு வராதும்மா. அந்த மூணாவது ஆளா வந்து உக்காரலாமா?”